2006-ல் லீபர்மனைத் தோற்கடித்தது வலைப்பதிவர்களா?

வாசகர் கேள்வி | 28 மார்ச் 2024

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி செனட்டராக இருந்த ஜோ லீபர்மன் நேற்று காலமானார். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 2006 பிரைமரியில், அதாவது கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்தலில், வலைப்பதிவர்கள் அவரைக் கவிழ்த்த கதை வந்துவிடுகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. 2000-ல் அல் கோருடன் துணை அதிபர் பதவிக்கு நின்றவர், மூன்று முறை ஜெயித்த செனட்டர். அவரை வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்த நாலு பேர் வீழ்த்தியிருக்க முடியுமா? எதிராளி நெட் லமான்ட் பெரும் பணக்காரர், அதுதான் காரணம் என்கிறேன். அப்போது கனெக்டிகட்டில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

28 மார்ச், இரவு 10.15

நான் இருந்தேன். ஹார்ட்ஃபோர்டில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மென்பொருள் வேலை. விசாவில் இருந்ததால் ஓட்டு கிடையாது, ஆனால் அந்தக் கோடை முழுக்க இதே பேச்சுதான்.

என் பதில்: ஆகஸ்ட் 8 அன்று லமான்டுக்கு ஓட்டுப் போட்டவர்களில் பலர் ஒரு வலைப்பதிவைக்கூடத் திறந்து பார்த்திராதவர்கள். ஆனால் அன்று அவர்கள் ஓட்டுப் போட ஒரு போட்டி இருந்ததே, அது வலைப்பதிவர்களால்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் கதை தப்பாகிவிடும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

29 மார்ச், காலை 7.30

முதலில் பிரைமரி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இங்கே புதியவர்களும் இருக்கிறார்கள். நம்மூரில் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறிவிக்கும், நாம் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் அதற்கே ஒரு தேர்தல். கனெக்டிகட்டில் அந்தக் கட்சியில் பெயர் பதிந்தவர் மட்டுமே அதில் ஓட்டுப் போடலாம். எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள்தான் அந்த மாநிலத்தில் பெரிய கூட்டம். அவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே பதவியில் இருப்பவரை எதிர்த்து யாரும் நிற்கத் துணியமாட்டார்கள். நின்றால் நன்கொடை வராது, ஊர்க் கமிட்டி முகம் கொடுக்காது, செய்தித்தாள் ஒரு பத்தியோடு முடித்துவிடும். 2005 கடைசியில் நிலைமை இதுதான். ஈராக் போரால் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். லீபர்மனோ நவம்பர் கடைசியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் நம் படைகள் அங்கேயே இருக்க வேண்டும் என்று கட்டுரை எழுதினார். அடுத்த வாரமே, போர்க்காலத்தில் அதிபரின் நம்பகத்தன்மையைக் குலைப்பது நாட்டுக்கு ஆபத்து என்று தன் கட்சிக்காரர்களுக்கே பாடம் எடுத்தார்.

கோபம் இருந்தது. ஆள் இல்லை. அந்த இடத்தில்தான் வலைப்பதிவர்கள் வருகிறார்கள். கனெக்டிகட்டுக்கென்றே இருந்த 'மை லெஃப்ட் நட்மெக்', 'லமான்ட்பிளாக்' போன்ற சின்னப் பதிவுகள், நாடு முழுக்க வாசகர்கள் இருந்த 'டெய்லி கோஸ்', 'ஃபயர்டாக்லேக்', 'மைடிடி' எல்லாம் சேர்ந்து ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: இவரைத் தோற்கடிக்க முடியும். லமான்ட் மார்ச் 13 அன்று போட்டியை அறிவிப்பதற்கு முன்பே அவர் கூட்டங்களுக்கு வரத் தன்னார்வலர்கள் தயாராக இருந்தார்கள். வேட்பாளருக்கு முன்பே தொண்டர்படை! சாதாரணமாக இது தலைகீழாக நடக்கும்.

29 மார்ச், இரவு 9.50

பணக்கணக்கு கேட்டவருக்கு. ஆமாம், லமான்ட் பணக்காரர். பணக்கார ஊரான கிரீனிச்சில் வீடு, கேபிள் தொழில், கொள்ளுத்தாத்தா ஜே.பி. மார்கன் வங்கியின் பங்குதாரர். அந்த வருடத் தேர்தலில் அவர் சொந்தக் கையிலிருந்து போட்டது ஒரு கோடி டாலருக்கு மேல். பிரைமரிக்கு முன் வலைப்பதிவுகள் வழியாக வந்தது சில லட்சம்தான். டாலரை வைத்து அளந்தால் உங்கள் பக்கம்தான் ஜெயிக்கும்.

ஆனால் அமெரிக்காவில் சொந்தப் பணத்தைக் கொட்டித் தோற்ற பணக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. 2010-ல் இதே லமான்ட் கவர்னர் பிரைமரியில் கோடிக்கணக்கில் செலவழித்து டான் மலோயிடம் தோற்றார். அதே ஆள், அதே மாநிலம், அதே பணம். அந்தத் தடவை அவர் பின்னால் அந்தக் கூட்டம் இல்லை.

30 மார்ச், மாலை 6.05

கொஞ்சம் சொந்த அனுபவம்.

எங்கள் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை இருந்தார். ஊரின் ஜனநாயகக் கட்சிக் கமிட்டியில் பல வருடமாக உறுப்பினர். 1988-ல் அப்போதைய செனட்டர் லோவெல் வைக்கரைத் தோற்கடித்து லீபர்மன் முதன்முதலாக ஜெயித்தபோது அவருக்காக வீடு வீடாகப் போனவர். கணினி வாங்கிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. வேறு மாநிலத்தில் இருந்த மகள் பதிவுகளை மின்னஞ்சலில் அனுப்புவார், இவர் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு நீல பேனாவால் அடிக்கோடு போட்டுப் படிப்பார். பிரிண்டரில் காகிதம் சிக்கினால் என்னைக் கூப்பிடுவார். அப்படித்தான் நானும் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் அடிக்கோடு போட்டதைப் பார்த்தால் ஒன்று புரிந்தது. திட்டுகளை எல்லாம் தாண்டிப் போய்விடுவார். எந்தத் தேதியில் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார், எந்த டிவி நேர்காணலில் என்ன சொன்னார், இவைதான் கோடுகள். கமிட்டிக் கூட்டத்தில் யாராவது "ஜோ நம்ம ஆளுதானே, 90 சதவீதம் கட்சியோடுதானே ஓட்டுப் போடுகிறார்" என்றால் பதில் சொல்ல அவர் கையில் அந்தத் தாள்கள் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு வருபவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். அவர்களில் வலைப்பதிவு படித்தவர் இவர் ஒருவராக இருந்திருக்கலாம். ஆனால் மாநில மாநாட்டுக்குப் பிரதிநிதிகள் போவது அந்தக் கமிட்டியிலிருந்துதான்.

மாநாடு மே 19. பிரைமரி வாக்குச்சீட்டில் பெயர் வர 15 சதவீதப் பிரதிநிதிகள் ஆதரித்தால் போதும். ஊர் ஊராகப் பெயர் கூப்பிட்டு நடந்த வாக்கெடுப்பு, யார் யார் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய நண்பர்கள் என்ன நினைப்பார்களோ என்று இந்த அம்மா அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. லமான்டுக்குக் கிடைத்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கட்சி அடிமட்டத்தில் என்ன நடக்கிறது என்று லீபர்மன் தரப்புக்கு அன்றுதான் உறைத்தது என்று நினைக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், "வலைப்பதிவை எத்தனை பேர் படித்தார்கள்" என்று எண்ணுகிறவர்கள் இந்த மாதிரி ஆட்களை ஒரே ஒரு வாசகராகக் கணக்கில் எடுப்பார்கள்.

30 மார்ச், இரவு 11.20

மேலே எழுதியதைப் படித்தால் போரை ஓரம் கட்டிவிட்டது போல இருக்கிறது. அப்படி விடக்கூடாது. என் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணியின் மகன் மரைன் படையில், ஈராக்கின் அன்பார் மாகாணத்தில் இருந்தான். அவர் எந்தப் பதிவும் படித்ததில்லை, படிக்க நேரமும் இல்லை. தொலைபேசி அடித்தால் கை நடுங்கும். ஆகஸ்ட் 8 காலை ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்தார். யாருக்கு என்று நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

போர் இல்லாவிட்டால் இந்தப் பிரைமரியே இல்லை. எந்த வலைப்பதிவரும் அந்தக் கோபத்தை உண்டாக்கவில்லை. அதற்கு ஒரு தேதி, ஒரு பெயர், ஒரு வாக்குச்சீட்டு கிடைக்கச் செய்தார்கள்.

31 மார்ச், பகல் 12.40

கருத்துக்கணிப்பு கேட்டிருந்தீர்கள். குவினிபியாக் பல்கலைக்கழகத்தின் கணக்கு: ஜூன் தொடக்கத்தில் லீபர்மன் 55, லமான்ட் 40. ஜூலை 20-ல் லமான்ட் 51, லீபர்மன் 47. ஆகஸ்ட் 3-ல் லமான்ட் 54, லீபர்மன் 41. கடைசி நாளில் இடைவெளி மறுபடி சுருங்கி 51-45. உண்மையான முடிவு ஏறக்குறைய 52-48, வித்தியாசம் சுமார் 10,000 ஓட்டு.

ஜூலை 3 அன்று லீபர்மன் செய்த அறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள்: பிரைமரியில் தோற்றாலும் தனியாக நிற்கக் கையெழுத்து சேகரிக்கப் போகிறேன் என்றார். எதிர்வீட்டு அம்மாவின் கமிட்டியில் அதுவரை தயங்கிக்கொண்டிருந்தவர்கள் அன்றுதான் விலகினார்கள். போரை விட, "நீங்கள் போடும் ஓட்டு என்னைக் கட்டுப்படுத்தாது" என்று அவர் சொன்னது போல் இருந்ததுதான் அவர்களை உறுத்தியது.

1 ஏப்ரல், இரவு 8.30

முத்தம் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், 2005 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வருடாந்தர அதிபர் உரை முடிந்து வெளியே வரும்போது, போரைத் தொடங்கிய குடியரசுக் கட்சி அதிபர் புஷ் லீபர்மனின் முகத்தைப் பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தது போன்ற காட்சி. அந்த வீடியோத் துண்டும் படமும் ஆயிரம் இடத்தில் ஓடின. உள்ளூர் ஆட்கள் காகிதக்கூழில் பெரிய பொம்மை செய்து வண்டியில் ஏற்றி ஊர் ஊராக ஓட்டினார்கள். நானே ஒரு முறை நேரில் பார்த்தேன், புஷ்ஷின் கைகள் கார்க் கதவு அளவு இருந்தன. குழந்தைகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

வலைப்பதிவர்கள் செய்த நல்லதை மட்டும் சொன்னால் நியாயமில்லை. தேர்தலுக்கு ஒரு வாரம் முன் ஃபயர்டாக்லேக்கின் ஜேன் ஹாம்ஷர், லீபர்மன் முகத்தில் கருப்புச் சாயம் பூசியது போல மாற்றிய படம் ஒன்றை ஹஃபிங்டன் போஸ்ட்டில் போட்டார். அமெரிக்காவில் கருப்பினத்தவரை இழிவுபடுத்திய பழைய நாடகப் பழக்கம் அது. லமான்ட் தரப்பே எடுக்கச் சொன்னது, எடுத்தார்கள். ஆனால் இரண்டு நாள் லமான்ட் வேறு எதையும் பேச முடியவில்லை. எதிர்வீட்டு அம்மா அன்று அந்தத் தாள்களையெல்லாம் மூடி ஓரமாக வைத்துவிட்டார். சம்பளம் வாங்காத ஆதரவாளரை யாரும் வேலையை விட்டு நீக்க முடியாது, அதுதான் இதில் சிக்கல். வேட்பாளர் பெயரில் யாரோ செய்ததற்கு வேட்பாளர் பதில் சொல்ல வேண்டும்.

1 ஏப்ரல், இரவு 9.10

'லீபர்மன் இணையதளத்தை ஹேக் செய்தார்களே' என்று இன்னும் எழுதுகிறீர்கள். அது நடக்கவில்லை. பிரைமரிக்கு முந்தின நாள் தளம் விழுந்தது, லமான்ட் ஆதரவாளர்கள் தாக்கினார்கள் என்று லீபர்மன் தரப்பு குற்றம் சாட்டியது, ஓட்டுப்பதிவு நாள் முழுக்க டிவியில் அதுவே செய்தி. எஃப்பிஐ விசாரித்தது. தாக்குதல் எதுவும் இல்லை, அவர்கள் சர்வரே சரியாக அமைக்கப்படாமல் சுமை தாங்காமல் விழுந்தது என்பதுதான் முடிவு. அது வெளியே வந்தது 2008-ல்! அதற்குள் யாருக்கும் அக்கறை இல்லை. குற்றச்சாட்டை மட்டும் கேட்டவர்கள் இன்றும் அதையே நம்புகிறார்கள்.

3 ஏப்ரல், காலை 6.50

'கனெக்டிகட் பணக்கார, படித்த மாநிலம், அங்கே மட்டும்தான் இது பலிக்கும்' என்று ஒரு வாதம் வந்திருக்கிறது. பாதி சரி. அதே 2006-ல் டெக்சாஸ் 28-வது தொகுதியைப் பாருங்கள், இது கீழவைத் தொகுதி. ஜனநாயகக் கட்சியின் ஹென்றி குயேயார் பதவியில் இருந்தார். 2004 பிரைமரியில் சிரோ ரோட்ரிகஸை மறு எண்ணிக்கையில் 58 ஓட்டில் வென்றவர். 2006 ஜனவரி 31 அதிபர் உரையன்று புஷ் குயேயாரின் முகத்தை இரு கையாலும் பிடித்துக் கொஞ்சுவது போல ஒரு படம் வந்தது. வலைப்பதிவர்கள் அதை எடுத்துக்கொண்டு ரோட்ரிகஸுக்காகச் சில வாரத்தில் லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். மார்ச் 7 பிரைமரியில் குயேயார் 53 சதவீதம், ரோட்ரிகஸ் 40-ஐ ஒட்டி.

பணம் வந்தது, படம் பரவியது, தோற்றார்கள். ஏன்? கொடுத்தவர்கள் கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் இருந்தார்கள். ஓட்டு லரேடோவில் இருந்தது, குயேயார் லரேடோக்காரர், அந்த ஊர் அவர் பின்னால் நின்றது. கனெக்டிகட்டில் இருந்தது போல உள்ளூர்ப் பதிவர்களும் ஊர்க் கமிட்டி வரைக்கும் போய்ச் சேரும் ஆட்களும் அங்கே அந்த அளவுக்கு இல்லை. முத்தப் படம் இரண்டு இடத்திலும் இருந்தது, எதிர்வீட்டு அம்மா ஓர் இடத்தில்தான் இருந்தார்.

6 ஏப்ரல், மாலை 4.30

மேரிலாந்து 4-வது தொகுதியைப் பற்றி எழுதாமல் இந்த இழை முழுமையாகாது. எனக்கு லமான்டை விட இதுதான் முக்கியம், ஏனென்றால் இங்கே பணக்கார வேட்பாளர் இல்லை.

வாஷிங்டனை ஒட்டிய தொகுதி, பெரும்பாலும் கருப்பின மக்கள். ஜனநாயகக் கட்சியின் ஆல் வின் 1993-லிருந்து அதன் கீழவை உறுப்பினர். ஈராக் போருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர். 2005-ல் கடனாளிகளை நெருக்கிய திவால் சட்டத்துக்கும் ஆதரவாக ஓட்டுப் போட்டார், கடன் அட்டைக் கம்பெனிகள் கேட்டு வாங்கிய சட்டம் அது. எதிர்த்து நின்றவர் டோனா எட்வர்ட்ஸ், வழக்கறிஞர், குடும்ப வன்முறைக்கு எதிராக வேலை செய்தவர். 2006 செப்டம்பர் 12 பிரைமரியில் சுமார் மூன்று சதவீதத்தில் தோற்றார். அன்று மான்ட்கோமரி கவுன்டியில் வாக்கு இயந்திரங்களை இயக்கும் அட்டைகளை வாக்குச்சாவடிகளுக்கு அனுப்பவே மறந்துவிட்டார்கள். காலையில் வேலைக்குப் போகுமுன் ஓட்டுப் போட வந்தவர்கள் பலர் திரும்பிப் போனார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இதில் வலைப்பதிவர்கள் செய்த மிகப் பெரிய காரியம் தோற்ற பிறகு விடாமல் இருந்ததுதான். செய்தித்தாள்கள் மறுநாளே கடையைக் கட்டிவிட்டன. பதிவர்கள் வின்னின் ஒவ்வொரு ஓட்டையும் அடுத்த ஒன்றரை வருடம் எழுதிக்கொண்டே இருந்தார்கள், எட்வர்ட்ஸுக்குச் சின்னச் சின்ன நன்கொடை சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். 2008-ல் தொழிற்சங்கமான எஸ்இஐயூவும் பெரிய அளவில் இறங்கியது. பிப்ரவரி 12 பிரைமரி முடிவு: எட்வர்ட்ஸ் 59, வின் 37. தொழிற்சங்கம் இல்லாமல் அந்த அளவு வித்தியாசம் வந்திருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 2006-ல் அவர் யாரென்றே தெரியாத நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் யார்?

7 ஏப்ரல், காலை 8.00

தமிழ் வலைப்பதிவுகள் பற்றிக் கேட்டவருக்கு: 2006 மே மாதம் தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல். ஹார்ட்ஃபோர்டில் உட்கார்ந்து, தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளத்தில் அதையும் படித்துக்கொண்டிருந்தேன். வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதி பற்றி நல்ல, காரசாரமான பதிவுகள் வந்தன. எழுத்துத் தரத்தில் குறைவே இல்லை. ஆனால் வேட்பாளர் தேர்வில் வாசகனுக்கு எந்தப் பிடியும் இல்லாத இடத்தில் பதிவர் என்ன எழுதினாலும் அது கருத்தாகவே நின்றுவிடும். சில ஆயிரம் பேர் மனது வைத்தால் மாறிவிடும் ஒரு படி வேண்டும். பிரைமரி அந்தப் படி.

9 ஏப்ரல், இரவு 10.40

சரி, நவம்பர். கேள்வி கேட்டவர் இதைத்தான் துருப்பாக வைத்திருக்கிறார்: பதிவர்களுக்கு அவ்வளவு பலம் இருந்தால் லீபர்மன் எப்படித் திரும்பி வந்தார்?

எண்ணைப் பாருங்கள். பிரைமரியில் விழுந்த ஓட்டு சுமார் 2,83,000. நவம்பரில் 11 லட்சத்துக்கு மேல். லீபர்மன் தனிக் கட்சிப் பெயரில் நின்று கிட்டத்தட்ட 50 சதவீதம், லமான்ட் 40-க்குக் கொஞ்சம் கீழே, குடியரசுக் கட்சியின் ஆலன் ஷ்லெசிங்கர் 10-க்குக் கொஞ்சம் கீழே. குடியரசுக் கட்சி வாக்காளர்களில் பெரும்பான்மை தங்கள் வேட்பாளரை விட்டுவிட்டு லீபர்மனுக்குப் போட்டது. பிரைமரியில் தோற்றவர் பொதுத்தேர்தலில் நிற்கப் பல மாநிலங்களில் சட்டம் இடம் கொடுக்காது. கனெக்டிகட் கொடுத்தது.

எட்டு லட்சத்துக்கும் அதிகமான புது ஆட்கள் வந்ததும் ஊர்க் கமிட்டி அம்மாவின் அடிக்கோடுகள் எங்கே போய்ச் சேரும்? அந்தத் தூரத்துக்கு டிவி விளம்பரம்தான் போகும். பதிவர்களின் பலம் சின்ன வாக்காளர் கூட்டத்தில், சீக்கிரமாக நடக்கும் முடிவில். அதற்கு வெளியே மெல்லியதாகிவிடும்.

9 ஏப்ரல், இரவு 11.15

அதற்காக வீணாகிவிட்டது என்று சொல்லாதீர்கள். ஆகஸ்ட் 8-க்குப் பிறகு, போரை எதிர்த்தால் பதவி போய்விடும் என்ற பயம் ஜனநாயகக் கட்சிக்காரர்களிடம் குறைந்தது. ஆதரித்தாலும் போகலாம் என்று தெரிந்துவிட்டதே. அதே நவம்பரில் கனெக்டிகட்டின் 2-வது தொகுதியில் ஜோ கோர்ட்னி 83 ஓட்டில் ஜெயித்தார், 5-வதில் கிறிஸ் மர்ஃபி ஜெயித்தார். லமான்டுக்காக வீடு வீடாகப் போன ஆட்களில் சிலர் அங்கேயும் போனார்கள், என் எதிர்வீட்டுக்காரர் உட்பட.

இழப்பும் உண்டு. கட்சிக்கு வெளியே நின்று ஜெயித்த லீபர்மன் யாருக்கும் கடன்படாதவராகத் திரும்பினார். 2008-ல் அதிபர் வேட்பாளர் மெக்கெயினுக்காகக் குடியரசுக் கட்சி மாநாட்டில் பேசினார். 2009 டிசம்பரில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா செனட்டில் முட்டுக்கட்டையைத் தாண்டத் தேவைப்பட்ட 60-வது ஓட்டு அவருடையதாக இருந்தது. அரசுக் காப்பீடு என்ற பகுதியை எடுத்தால்தான் ஓட்டு என்றார், எடுத்தார்கள். காப்பீட்டுத் தலைநகரான ஹார்ட்ஃபோர்டில் அந்தச் செய்தியை அலுவலக கேன்டீன் டிவியில் பார்த்தேன். 2006-ல் தோற்காமல் கட்சிக்குள்ளேயே இருந்திருந்தால் வேறு மாதிரி ஓட்டுப் போட்டிருப்பாரா? இதை நான் பல வருடமாக யோசிக்கிறேன். அவர் மாநிலத்தில் காப்பீட்டுக் கம்பெனிகள் எப்போதும் இருந்தன, அதனால் மாறியிருக்காது என்ற பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.

14 ஏப்ரல், மாலை 5.20

'இன்று யூடியூபர்கள் இதைச் செய்வார்களா' என்ற கடைசிக் கேள்விக்கு. பார்வையாளர் எண்ணிக்கையில் அன்றைய டெய்லி கோஸை விடப் பல மடங்கு பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் பார்க்கும் குறை வேறு. மை லெஃப்ட் நட்மெக் எழுதியவர்களுக்கு ஊர்க் கமிட்டி என்றைக்குக் கூடுகிறது, கட்சியில் பெயர் பதியக் கடைசி நாள் எது என்பதெல்லாம் தெரியும். நாடு முழுக்கப் பேசுகிற ஒருவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

எதிர்ப்பக்கமும் பாடம் படித்துவிட்டது. 2022-ல் டோனா எட்வர்ட்ஸ் பழைய தொகுதியில் மறுபடி நின்றார். இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஐபேக்குடன் சேர்ந்த குழு ஒன்று அவரை எதிர்த்துச் சுமார் 60 லட்சம் டாலர் செலவழித்தது, கிளென் ஐவி ஜெயித்தார். சின்ன வாக்காளர் கூட்டத்தைச் சிறு நன்கொடையால் அசைக்கலாம் என்றால் பெரிய பணத்தால் இன்னும் சுலபமாக அசைக்கலாம். 2006-ல் நாங்கள் யாரும் இந்தப் பக்கத்தை யோசிக்கவில்லை.

அந்தத் தொகுதியில், பிரின்ஸ் ஜார்ஜஸ் பக்கமோ மான்ட்கோமரி பக்கமோ, 2006-லும் 2008-லும் இருந்த தமிழர்கள் இங்கே நிச்சயம் இருப்பீர்கள். எட்வர்ட்ஸ் ஆட்கள் உங்கள் கதவைத் தட்டினார்களா, என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். கனெக்டிகட் கதை என்னிடம் இருந்ததெல்லாம் வந்துவிட்டது.